நெடுந்தூரப் பயிற்சிக்கு 28 மி.மீ. டயர்
வார இறுதிகளில் நண்பருடன் மேற்கொள்ளும் நெடுந்தூரச் சைக்கிள் பயிற்சிக்காக, 23 மில்லிமீட்டர் டயர்களைக் கழற்றிவிட்டு 28 மில்லிமீட்டர் டயர்களைப் பொருத்தியதில் எனக்கு முழு நிறைவு. முன்செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டும்போது காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும் என்றாலும், சாலையின் பள்ளங்கள் கண்ணில் படுவதற்குள் சக்கரம் அவற்றில் இறங்கிவிடும் என்பதால், அந்த அதிர்ச்சியைத் தாங்கும் டயரே இருவரும் மாறி மாறி முன்னே செல்லும் பயிற்சிக்கு இன்றியமையாதது. அகலம் கூடியதால் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்ட முடிகிறது. கரடுமுரடான தார்ச்சாலையிலும் கைகள் மரத்துப்போவதில்லை, ஈரமான வளைவுகளிலும் பிடிமானம் உறுதியாக இருக்கிறது. வேகம் குறைந்துவிடுமோ என்று நண்பர் ஐயுற்றார்; அப்படி எதுவும் நேரவில்லை. எடை சற்றே கூடுதல். பழைய ஃப்ரேம்களில் பிரேக்குக்கு அடியில் இந்த அகலம் நுழையாமல் போகக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் அந்த இடைவெளியை அளந்து பார்ப்பது நல்லது.