ஆணியில் தொங்காத கார் சாவி

எங்கள் வீட்டுக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி உண்டு. அப்பா அம்பாசடர் வைத்திருந்த காலத்திலிருந்து வண்டிச் சாவி அதில்தான் தொங்கும். யார் எடுத்துப் போனாலும் திரும்பி வந்ததும் அதிலேயே மாட்டிவிட வேண்டும். மறந்தால் திட்டு விழும். எலக்ட்ரிக் கார் வாங்கியதிலிருந்து அந்த ஆணி சும்மா இருந்தது. இந்தக் காருக்கு என் போன்தான் சாவி.

14 மாதத்தில் 21,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஈரோட்டில் நூல் ஏஜென்சி வைத்திருக்கிறேன். திருப்பூர், பல்லடம், சோமனூர் என்று வாரத்தில் நான்கு நாள் ரோட்டில்தான் போகும். ரேஞ்ச், சார்ஜிங் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சாவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கார் கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. நான் பட்ட பாட்டில் பாதி என் செல்போனால் வந்தது, கால்வாசி என்னால் வந்தது. மிச்சத்துக்காக ஒரு பெயரை இழுக்க மனசில்லை.

காரோடு இரண்டு கார்டு கொடுத்தார்கள். பார்க்க ஏடிஎம் கார்டு மாதிரியே இருக்கும். வழக்கமான ரிமோட் சாவி கிடையாது. போனில் ஆப் போட்டு, காரில் உட்கார்ந்து ஒரு முறை பதிவு செய்துகொண்டால் அதன்பின் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கவே வேண்டாம். பக்கத்தில் போனால் சைடு கண்ணாடிகள் விரியும், கதவு திறக்கும். உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் வண்டி தயார். இறங்கி நடந்தால் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டு கையிலும் நூல் சாம்பிள் பையோடு மில்லிலிருந்து வெளியே வருகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் நடந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

இதை முதலில் பரவலாக்கியது 2017-ல் வந்த டெஸ்லா மாடல் 3. அதிலும் போனும் கார்டும்தான் சாவி. என் காரும் அதே வழிதான். போனுக்கு ப்ளூடூத், கார்டுக்கு என்எஃப்சி, அதாவது ஒட்டி வைத்தால் மட்டும் வேலை செய்வது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. ஷோரூமில் யாரும் சொல்லவில்லை.

ப்ளூடூத் தூரத்தை நேராக அளப்பதில்லை. சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறது. போன் பேன்ட்டின் பின் பாக்கெட்டில் இருந்து, நான் முன்பக்கமாகக் காரை நெருங்கினால், நடுவில் என் உடம்பு சிக்னலை மறைத்துவிடும். கார் என்னை எங்கேயோ தள்ளி நிற்பவன் என்று நினைத்துக்கொள்ளும். கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சுற்றுத் திரும்பி, முதுகைக் காரிடம் காட்டி நின்றால் திறக்கும். பல்லடத்தில் ஒரு மில் வாட்ச்மேன் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து போன் சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கூத்து வீட்டில் நடந்தது. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியேதான் போர்ட்டிகோ. ராத்திரி போனை ஜன்னல் திண்டில் சார்ஜ் போடுவது வழக்கம். ஒரு நாள் விடிகாலை பால்காரர் கூப்பிட்டுச் சொன்னார், கார் கண்ணாடி விரிந்தே இருக்கிறது என்று. போய்ப் பார்த்தால் கதவும் பூட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்று ராத்திரி முழுக்க நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது போனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதும் இதனால்தான். இல்லையென்றால் வாளியோடு ஒரு சுற்று வருவதற்குள் நான்கு முறை பூட்டித் திறக்கும்.

புதிதாக வரும் சில உயர் ரக கார்களிலும் போன்களிலும் அல்ட்ரா வைட்பேண்ட் என்று ஒன்று இருக்கிறது. அது சிக்னல் போய் வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ நொடியில் ரேடியோ அலை சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். அதனால் நீங்கள் கதவுக்கு வெளியே நிற்கிறீர்களா, சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்பதுவரை காருக்குத் தெரியும். கார், போன் கம்பெனிகள் சேர்ந்த அமைப்பு 2021-ல் வெளியிட்ட டிஜிட்டல் கீ 3.0 தரத்தில் இது இருக்கிறது. இனிமேல் வாங்குகிறவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எத்தனை இன்ச் திரை என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

திருட்டு பயம்? இருக்கிறது. 2022-ல் என்சிசி குரூப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருவியைப் போனுக்குப் பக்கத்திலும் இன்னொன்றைக் காருக்குப் பக்கத்திலும் வைத்து, ப்ளூடூத் சிக்னலை நடுவில் கடத்தி, டெஸ்லா மாடல் 3-ஐத் திறந்து காட்டினார்கள். அதனால் ஓட்டுவதற்கு முன் திரையில் நான்கு இலக்க எண் கேட்கும்படி என் காரில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அழுத்துவது சலிப்புதான். பழகிவிட்டது.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் தானாகவே பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். காலையில் கார் உங்களை யாரென்றே தெரியாத மாதிரி நிற்கும். செட்டிங்ஸில் போய் இந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். போன் அப்டேட் ஆனதும் அது பழையபடி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு முறை மாறியது. போன் சுத்தமாக அணைந்துபோனால் என் போனில் வேறு வழியே கிடையாது. காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டாலும் அதே கதைதான். அடியில் அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் கதவுப் பூட்டுக்குக் கரண்ட் இந்தச் சின்ன பேட்டரியிலிருந்துதான் வருகிறது.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. எனக்கு உண்மையிலேயே உறைத்தது வேறு.

புரட்டாசியில் ஒரு வேலையாகச் சென்னைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். சேலம் தாண்டியதும் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, அத்தைக்குத் தலை சுத்துதுங்க, நிக்க முடியல. கார் எப்படி எடுக்கறது?" அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும், ஆனால் ஸ்கூட்டரிலேயே போய் வருகிறவள். அவள் போனில் சாவி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஒரு கார்டு என் பர்ஸில். தொலைத்தால் செலவு என்று பயமுறுத்தியதால் இன்னொன்று வங்கி லாக்கரில், நகைகளோடு. வீட்டு வாசலில் கார் முழு சார்ஜில் நிற்கிறது. எடுக்க ஆளும் இருக்கிறது.

ஆப்பிலிருந்து சாவியைப் பகிரலாம். பகிர்ந்தேன். அவள் ஆப்பை இறக்கி, கணக்குத் தொடங்கி, ஓடிபி போட்டு, ஒப்புதல் கொடுக்க வேண்டும். மொரப்பூர் பக்கம் என் சிக்னல் வந்து வந்து போனது. ஓடிபி வந்து போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய மாருதியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவைக் கூட்டிப் போனார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சாயந்தரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவி பகிரப்பட்டது என்ற செய்தி எனக்கு ஜோலார்பேட்டையில் வந்தது.

அண்ணனின் மாருதிச் சாவி அவர் வீட்டு டிவிக்கு மேலே கிடந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தாலும் அவர் மகன் எடுத்து வந்திருப்பான். என் கார்ச் சாவி என்னோடு ரயிலேறிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையதுதான், ஆனால் ஷோரூமில் இரண்டு மணி நேரம் டெலிவரி கொடுத்தவர்கள், கேக் வெட்டிப் போட்டோ எடுத்தவர்கள், "வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன் திரை உடைந்தபோதும் இதே சங்கடம். மேட்டூர் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து, சாயந்தரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பாதி வழி வந்தபின்தான் உறைத்தது, கார்ச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று. அதன்பின், ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் சாவியை ஆப்பிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

இப்போதைய ஏற்பாடு இது. மனைவி போனில் ஒரு சாவி, டிரைவர் தம்பிக்குத் தேவைப்படும் நாளில் மட்டும் ஒரு சாவி. கூடுதலாக ஒரு கார்டு வாங்கினேன். அதை ஆணியில் மாட்ட ஓட்டை போடலாம் என்று பார்த்தபோது சர்வீஸ் பையன் பதறிவிட்டான். உள்ளே ஓரமாகச் செம்புக் கம்பிச் சுருள் ஓடுகிறது, அது அறுந்தால் கார்டு செத்துவிடுமாம். மகளின் பழைய பள்ளி ஐடி கார்டு உறை ஒன்று கிடந்தது. அதில் போட்டு, நீல டேகோடு ஆணியில் மாட்டியிருக்கிறோம். பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் வாலே பையனிடம் அதை நீட்டினேன். டேகில் பள்ளிப் பெயரைப் படித்துவிட்டு, "சார், சாவிங்க?" என்றான். கைப்பிடியில் வைத்துக் காட்டினேன். திறந்தது. வண்டியை எடுத்துப் போகும்போது டேகைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.