கரண்ட் கம்பளியோடு நான்கு மார்கழி

சேலத்தில் பிறந்து தேன்கனிக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். இங்கத்திக் குளிர் எப்படிப்பட்டது என்று விளங்க எனக்கு ஒரு மார்கழி முழுக்க ஆயிற்று. பக்கத்திலிருக்கும் தளியை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்றார்களாம். ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது அவர்களிடம் கணப்பு அடுப்பு இருந்திருக்கும். எங்களிடம் ஓட்டு வீடும் சிமெண்டுத் தரையும்தான். அதிலும் படுக்கைதான் மோசம். கம்பளிக்குள் கால் நீட்டினால் கிணற்றுத் தண்ணீரில் வைத்தது போலிருக்கும். உடம்புச் சூட்டில் அது பதமாகி வருவதற்குள் தூக்கமே போய்விடும்.

நான்கு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து எலக்ட்ரிக் பிளாங்கெட் ஒன்று, அதாவது உள்ளே ஒயர் ஓடி கரண்டில் சூடாகும் விரிப்பு, வாங்கி வந்தார். இரட்டைக் கட்டிலுக்கானது, விலை 1,800 ரூபாய். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ட்ரோலர், இரண்டும் சேர்ந்து 120 வாட். அத்தை அதைப் பார்த்ததுமே ‘கரண்ட் கம்பளி’ என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் பிடித்துக்கொண்டதே தவிர, அதில் ஒரு சிக்கல் உண்டு. இது போர்த்திக்கொள்வது கிடையாது. மெத்தைக்கு மேலே, பருத்தி விரிப்புக்குக் கீழே விரிக்க வேண்டியது. எங்கள் வீட்டிலேயே முதல் நாள் ராத்திரி இதை மேலே இழுத்துப் போர்த்தினோம். ஒயர் தோளில் உறுத்தியபிறகுதான் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தோம்.

முதல் குளிர்காலம் முழுக்கத் தப்பாகவே பயன்படுத்தினோம் என்று இப்போது தெரிகிறது. குறைந்த சூட்டில் வைத்து விடியவிடிய ஓடவிட்டோம். படுத்ததும் சொர்க்கம்தான். இரண்டு மணிக்கு விழிப்பு வரும், தொண்டை வறண்டிருக்கும், முதுகு வியர்த்திருக்கும். கம்பளியை உதறுவோம், மறுபடி குளிரும். இதெல்லாம் சின்னத் தொந்தரவு. பெரியது மாமாவுக்கு நடந்தது.

மாமாவுக்குச் சர்க்கரை, பதினான்கு வருஷமாக. பாதத்தில் மரமரப்பு உண்டு. நாங்கள் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாள் எங்கள் கட்டிலில் படுத்திருக்கிறார், பிளாங்கெட்டைப் போட்டுக்கொண்டு. மூன்றாம் நாள் காலையில் குதிகாலில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். “வலிக்கவே இல்லம்மா, செருப்பு கடிச்சிருக்கும்” என்றார். டாக்டர் ஒரே பார்வையில் சூட்டுக் காயம் என்று சொல்லிவிட்டார். கொதிக்கிற சூடுதான் சுடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 44 டிகிரி சூடு ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டாலே தோல் வெந்துபோகும். உணர்ச்சி சரியாக இருப்பவர்கள் தூக்கத்திலேயே காலை நகர்த்திக்கொள்வோம். மாமாவின் கால் நகரவில்லை. புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று, அவ்வளவு நாளும் எனக்குக் குற்ற உணர்ச்சிதான்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரே சட்டம்: படுக்கையைக் காய்ச்சத்தான் கரண்ட் கம்பளி, ஆள் படுத்திருக்கும் பக்கம் ஓடக் கூடாது, எல்லோரும் படுத்தபின் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது முழுச் சூட்டில் போடுவேன், மேலே போர்த்தும் கம்பளியை விரித்து மூடிவிடுவேன். மூடாவிட்டால் சூடெல்லாம் ஓட்டுக்குத்தான் போகும். களி தின்று, பாத்திரம் ஒழித்துவிட்டு வர நாற்பது நிமிஷம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தால் போதும். மெத்தை வாங்கிய சூடும் நம் உடம்புச் சூடும் சேர்ந்து கம்பளிக்குள்ளேயே நிற்கும். தூங்கிப்போக அதுவே தாராளம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரி வரும் என் வீட்டுக்காரர், கை கால் கழுவிச் சாப்பிடும் நேரத்துக்குத் தன் பக்கத்தை மட்டும் போட்டுக்கொள்கிறார். அந்த நேரத்துக்கு நான் என் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பேன். இரண்டு கண்ட்ரோலர் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது. மாமா படுக்கைக்கு இதை விரிப்பதே இல்லை. அவருக்குக் கம்பளிக் காலுறையும் கூடுதலாக ஒரு போர்வையும்தான்.

பிளக்கைப் பிடுங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கரண்ட் கட். எங்கள் கண்ட்ரோலரில் இருப்பது தள்ளும் பொத்தான். கரண்ட் போனாலும் அது போட்ட இடத்திலேயே நிற்கும். ஒருநாள் மின்சாரம் போயிற்று, மறந்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் மெத்தை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே யாரோ மடித்த துணியைக் குவித்து வைத்திருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்). அடியில் இருந்த விரிப்பு லேசாகப் பழுப்பேறியிருந்தது. சூடு வெளியேற வழியில்லாமல் ஒரே இடத்தில் அடைபட்டால் இப்படித்தான் ஆகும்.

மெத்தையும் முக்கியம். எங்களுடையது பழைய இலவம்பஞ்சு மெத்தை, நடுவில் பள்ளம். பிளாங்கெட் அந்தப் பள்ளத்தில் சரிந்து மடிப்பு விழும். மடிப்பில் ஒயரோடு ஒயர் ஒட்டிக்கொண்டு சூடு இரட்டிப்பாகும், நாளாவட்டத்தில் ஒயரும் இற்றுப்போகும். மூலைக்கு மூலை எலாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். மெலிந்த மெத்தைக்கு அது தொளதொளவென்று கிடந்ததால் பாவாடை நாடா கோத்துக் கட்டினேன். ஊசி மட்டும் குத்தக் கூடாது. தலையணைக்கு அடியில் வராமல் தோளிலிருந்து பாதம்வரை மட்டும் இருக்கும்படி விரித்தால் தலை கொதிக்காது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதை முதல் வருஷத்தோடு விட்டோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கட்டிலோரம் ஒரு பாயிண்ட் வைத்து, கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஈஎல்சிபியும் போட்டோம். பிளாங்கெட் விலையைவிடச் செலவு கூடத்தான், ஆனால் வீடு முழுக்குமான காவல் அது. பாப்பா ஒருமுறை படுக்கையை நனைத்தாள். வெயிலில் இரண்டு நாள் காயவைத்த பிறகுதான் மறுபடி பிளக்கில் சொருகினேன். ஈரத்தைக் காயவைக்க அதையே ஆன் செய்யும் புத்தி யாருக்கும் வர வேண்டாம்.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாற்பது நிமிஷத்துக்கு 0.08 யூனிட். மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஏழு யூனிட் சொச்சம். அதே நேரம் 2,000 வாட் ரூம் ஹீட்டரைப் போட்டிருந்தால் 120 யூனிட் ஓடியிருக்கும். ஓட்டு இடுக்கு வழியாக அந்தச் சூட்டில் பாதி வெளியே போயிருக்கும் என்பது வேறு.

மாசி கடந்ததும் பழைய காட்டன் புடவையில் தளர்வாகச் சுருட்டி பீரோ மேல் வைப்பேன், மேலே எதையும் ஏற்ற மாட்டேன். பாச்சை உருண்டை போடுவதில்லை, அது ஒயரின் மேலுறையைக் கெடுக்கும். எலி கடித்திருக்கிறதா, எங்காவது கருகிய தடம் இருக்கிறதா என்று கார்த்திகையில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே முதல் நாள் போடுவேன்.

இந்த வருஷம் அப்படிப் பார்த்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் போட்டதும் இடது பக்கம் சூடாகவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி, “அக்கா, எங்க அறுந்திருக்குன்னு பார்த்து ஒட்டுப் போட்டுத் தரேன்” என்றார். படுக்கைக்குள் ஒட்டுப் போட்ட ஒயரை வைத்துக்கொண்டு யார் தூங்குவது? பழைய சாமான்காரர் எடுத்துப்போய் யார் வீட்டிலாவது மறுபடி விரித்துவிடக் கூடாதே என்று ஒயரை அடியோடு வெட்டித்தான் போட்டேன். அடுத்ததை வாங்க ஓசூர் போகும்போது நான் தேடப்போவது இரண்டுதான்: நேரம் வைத்தால் தானாக அணைய வேண்டும், கரண்ட் போய் வந்தால் அணைந்தபடியே இருக்க வேண்டும். கண்ட்ரோலர் விளக்கு ராத்திரியில் கண்ணைக் குத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது, இதற்கு நான்கு வருஷமாகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன்.