வாடகை வீட்டுக்கு ஏற்ற கமிடானா

டோக்கியோவில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்க யோசிப்பார்கள், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துவிடுவார்களே என்று. ஷிண்டோ என்ற ஜப்பானிய மதத்துச் சாமிகளுக்கு வீட்டில் வைக்கும் மாடம்தான் கமிடானா. இந்தக் கமிடானாவை நான் வாங்கியதற்கு முதல் காரணமே, மெல்லிய ஊசிகளில் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான். கூரையும் கதவுகளும் வைத்த பெரிய மாதிரி இல்லை. ஹினோக்கி மரப் பலகை ஒன்று, அதில் நீளமாக ஒரு பள்ளம். கோயிலில் வாங்கிய ஒஃபுடாவை, அதாவது சாமி பெயர் எழுதிய சீட்டை, அதில் செருகி நிறுத்தினால் வேலை முடிந்தது.

ஒன்றன் பின் ஒன்றாக வைக்கும்போது இசே பெருங்கோயிலின் ஒஃபுடா முன்னால், பேட்டைக் கோயிலுடையது அதன் பின்னால், நாம் விரும்பிக் கும்பிடும் கோயிலுடையது கடைசியில். மூன்றும் கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இரண்டு சுகமாக நிற்கின்றன. மூன்றாவதான எனோஷிமா தீவுக் கோயிலின் ஒஃபுடாவைச் செருகும்போது ஓரம் மடங்குகிறது. எனக்கு அதுதான் முக்கியம். அங்கே வீணை மாதிரி பிவாவோடு உட்கார்ந்திருக்கும் பென்சைட்டென் நம்ம சரஸ்வதிதானே!

'எந்த மதத்துச் சாமியையும் வைக்கலாம்' என்றும் பெட்டி சொல்கிறது. அதை நம்பி வாங்காதீர்கள். சட்டம் போட்ட படம் இந்தப் பள்ளத்தில் நிற்காது. நின்றாலும் நான் வைக்க மாட்டேன். மெருகு பூசாத மரம் இது, ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் கறை போகாது, குங்குமமும் அப்படித்தான். அதனால் முருகனுக்குத் தனி அலமாரி. விளக்கு, ஊதுபத்தி, விபூதி எல்லாம் அங்கே. கமிடானாவில் அரிசி, உப்பு, தண்ணீர் மட்டும்.

இடம் பார்த்ததில் ஜப்பானிய வீட்டு வழக்கம் கைகொடுத்தது. இங்கே பல வீடுகளில் கமிடானாவும் புத்தருக்கான புட்சுடானும் சேர்ந்தே இருக்கும். ஆனால் எதிரெதிரே வைக்க மாட்டார்கள், ஒன்றைக் கும்பிடும்போது மற்றதற்கு முதுகு காட்ட வேண்டிவரும் என்று. ஷிண்டோவையும் பௌத்தத்தையும் 1868-இல் அரசாங்கம் ஆணை போட்டுப் பிரிக்கும்வரை கோயில்களிலேயே இரண்டும் பல நூற்றாண்டு கலந்து கிடந்தவைதானே, வீட்டுக்குள் மட்டும் எப்படிப் பிரியும்? நானும் அந்தக் கணக்கிலேயே கமிடானாவைக் கிழக்குப் பார்த்து, கண்மட்டத்துக்கு மேலே மாட்டி, முருகனைப் பக்கத்துச் சுவரில் வைத்தேன். காலையில் இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்துவிட்டு அப்படியே திரும்பி விளக்கேற்றுவேன். "சாமி முன்னாடி என்னடி கைதட்டல்?" என்று வீடியோ காலில் அம்மா கேட்பதுண்டு.

பெட்டியோடு வந்ததிலேயே எனக்குப் பிடித்தது, 'மேகம்' என்று எழுதிய சின்ன மரத்துண்டு. மாடியில் ஆள் குடியிருந்தால் கமிடானாவுக்கு நேர் மேலே கூரையில் ஒட்டுவார்கள், சாமிக்கு மேலே வானம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள. எங்கள் தலைக்கு மேலே ஓயாமல் ஓடும் குழந்தைகள் குடியிருப்பதால் உடனே ஒட்டிவிட்டேன்.

விலை ஆறாயிரம் யென் சொச்சம். ஒஃபுடாவை வருஷா வருஷம் கோயிலில் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும், பலகை அப்படியே இருக்கும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். பள்ளம் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் ஐந்தும் தந்திருப்பேன். சொந்த வீடு இருப்பவர்கள் மூன்று கதவு மாதிரியையே வாங்கிவிடுங்கள்.