1911-இன் அயர்லாந்து, வீடு வீடாக: தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவசக் குடிக்கணக்குத் தளம்

1911 ஏப்ரல் 2, ஞாயிறு இரவு. அயர்லாந்தின் 32 கவுன்டிகளிலும் எந்தக் கூரையின் கீழ் யார் யார் தங்கினார்கள் என்று அரசு கணக்கெடுத்தது. மொத்தம் 43,90,219 பேர். அந்தக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை, உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை. பெயரைத் தட்டினால் போதும், அந்தக் குடும்பத் தலைவர் கையெழுத்திட்ட படிவத்தின் படமே திரையில் வந்துவிடும். ஒரு நாட்டின் ஒரே ஓர் ஆண்டை இத்தனை நெருக்கத்தில் பார்க்க வேறு நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். ஆனால் பெயரைத் தேடி, தட்டச்சு செய்யப்பட்ட பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்களுக்கு இதில் கால்வாசிகூடக் கிடைக்காது. சரக்கு முழுக்கப் படங்களில் இருக்கிறது.

1911 ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் வருத்தமானது. 1861, 1871 கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகத்தோடு எரிந்துபோனது. 1921-இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக, சுதந்திரத்துக்கு முந்திய அயர்லாந்து முழுவதற்கும் வீடுவாரியாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டு மட்டுமே. இரண்டும் இந்தத் தளத்தில் உள்ளன. 1911 முழுவதும் 2009-இலும், 1901 அடுத்த ஆண்டிலும் இணையத்துக்கு வந்துசேர்ந்தன.

இரண்டில் 1911 ஒரு படி மேலே. மணமான ஒவ்வொரு பெண்ணிடமும் மூன்று கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டார்கள்: இந்தத் திருமணம் நடந்து முழுதாக எத்தனை ஆண்டு ஆயிற்று, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை. 'பிறந்தது 9, இருப்பது 5' என்று ஒரு வரியைப் படிக்கும்போது அந்த வீட்டின் துக்கம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. விதவைகளுக்கு இந்தக் கேள்வி கிடையாது. ஆனாலும் பலர் பதில் எழுதினார்கள், கணக்கெடுப்பாளர் அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அடித்த எண்ணும் படத்தில் படிக்கும்படியாகவே இருக்கும். கணவரை இழந்த பெண்ணைத் தேடுபவர்கள் படத்தைத் திறந்து அந்தக் கட்டங்களை உற்றுப் பார்க்க வேண்டும்.

நான்கு வகைப் படிவங்களைத் தெரிந்துகொண்டால் தளம் கைக்குள் வந்துவிடும். 'ஏ' படிவம் குடும்பத்துடையது: பெயர், தலைவருக்கு உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், மணவாழ்க்கை, பிறந்த இடம், ஐரிஷ் மொழி, பார்வை, செவிக் குறைகள். 'பி1' வீடுகளைப் பற்றியது. 'பி2' கொட்டில்களையும் தொழுவங்களையும் பற்றியது. 'என்' படிவத்தில் கணக்கெடுப்பாளர் தெருவையோ டவுன்லேண்டையோ சுருக்கிக் கூட்டியிருப்பார். டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு, நம் குக்கிராமம் போல. வந்தவர்களில் பெரும்பாலோர் 'ஏ' படிவத்தோடு திரும்பிவிடுகிறார்கள். 'பி1'-ஐத் திறக்காமல் போவது பெரிய இழப்பு.

அந்த 'பி1'-இல் வீட்டுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். சுவர் கல், செங்கல், கான்கிரீட் என்றால் 1. மண், மரம் போன்று அழியக்கூடியது என்றால் 0. கூரை சிலேட்டுக் கல், ஓடு, இரும்புத் தகடு என்றால் 1. வைக்கோல் வேய்ந்தது என்றால் 0. அறை ஒன்றே என்றால் 1, இரண்டு முதல் நான்கு வரை 2, ஐந்து ஆறு என்றால் 3, அதற்கு மேலும் இப்படியே ஏறும். முன்பக்கச் சன்னல்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டி, வீடு முதல் வகுப்பா நான்காம் வகுப்பா என்று முடிவு செய்தார்கள். அறை எண்ணிக்கைக் கட்டத்தில் இருப்பது அறைகளின் எண்ணிக்கை அல்ல, மதிப்பெண். 2 என்று பார்த்ததும் 'இரண்டு அறை வீடு' என்று எழுதிவிடுவது நிறையக் குடும்ப வரலாறுகளில் காணும் பிழை. நான்கு அறை வீட்டுக்கும் அதே 2 தான். ஒரு குடும்பம் உண்மையில் எத்தனை அறையில் இருந்தது என்பது அதே தாளில் வேறொரு கட்டத்தில் உள்ளது. வீடு நிற்கும் நிலம் யாருடையது என்று இன்னொரு கட்டம் சொல்கிறது. பக்கத்துவீட்டாரின் நிலத்தில் கூலிக்காரராகக் குடியிருந்தாரா, சொந்தச் சாகுபடிக்காரரா என்று பிரித்தறிய அந்த ஒரு பெயர் போதும். 'பி2'-இல் மாட்டுத்தொழுவம், பன்றிப்பட்டி, கோழிக்கூடு, குதிரைலாயம், வைக்கோல் கொட்டகை எல்லாம் எண்ணப்பட்டிருக்கும். 'விவசாயி' என்று மட்டும் எழுதிய இருவரில் யாருக்கு வசதி என்பதை இந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

தேடும் முறைக்கு வருவோம். மர்ஃபி, கெல்லி என்று குடும்பப்பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். இடத்திலிருந்து தொடங்குங்கள். கவுன்டி, அதற்குள் மாவட்டத் தேர்தல் பிரிவு, அதற்குள் டவுன்லேண்ட் அல்லது தெரு, கடைசியில் வீடு என்பதே அடுக்கு. டவுன்லேண்டின் பெயர் தெரிந்து தேர்தல் பிரிவு தெரியாவிட்டால் Logainm (logainm.ie) என்ற அரசு இடப்பெயர்த் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம். அந்த டவுன்லேண்டின் எல்லா வீடுகளையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது. உறவினர்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பது அங்கே வழக்கம். பெயர் கிடைக்கவில்லை என்றால் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, முதற்பெயர், பால், கவுன்டி ஆகியவற்றோடு தேடுங்கள். குடும்பத்தில் அபூர்வமான பெயர் கொண்ட பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேரி, ஜான் வழியே போனால் கரைசேர முடியாது.

பெயர் கிடைக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. முன்னொட்டு முதலாவது: ஒரே குடும்பம் 1901-இல் பிரையன் என்றும் 1911-இல் ஓ'பிரையன் என்றும் இருக்கலாம். மக், மேக் குழப்பமும் அப்படியே. இரண்டாவது கையெழுத்து, தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் அந்தக் குடும்பமே தேடலில் மறைந்துவிடும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மொழிப் பற்றாளர்கள் படிவத்தை ஐரிஷ் மொழியிலேயே நிரப்பினார்கள். 1916 எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ், ராத்ஃபார்னமில் தம் புனித எண்டா பள்ளியிலிருந்து கொடுத்த படிவம் ஐரிஷில்தான் இருக்கிறது. பியர்ஸ் என்று தேடினால் அவர் வரமாட்டார். அந்தத் தலைமுறையின் அரசியல்வாதிகள், ஆசிரியர்கள் யாரைத் தேடினாலும் ஐரிஷ் வடிவத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள். நான்காவது, காவல் நிலையம், படைமுகாம், மனநலக் காப்பகம், சிறை ஆகியவற்றில் இருந்தவர்களுக்குப் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே பதிந்தார்கள். காவலராக இருந்த ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் முதலெழுத்து, வயது, பிறந்த கவுன்டி மூன்றையும் பொருத்திப் பார்ப்பதுதான் வழி.

வயதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1901-இல் 56 என்று எழுதிய ஒருவர் 1911-இல் 71 என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான், தயங்க வேண்டாம். 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்து, 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைக்கத் தொடங்கியது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால், 1911-இல் முதியவர்களாக இருந்த யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. சிலர் கூட்டிச் சொன்னார்கள், ஏழைகளின் கையில் முதன்முதலாக ஓர் உரிமைப் பணம் வந்த காலத்தில் அதைக் குற்றமாக நினைக்கத் தோன்றவில்லை. வயதை நிரூபிக்க அன்றைய அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைப் புரட்டித் தேடினார்கள். அப்படித் தேடியபோது எழுதிய தாள்கள் தனியாகப் பிழைத்தன. மூலம் எரிந்த பின்னும் 1841-இன் சில குடும்பங்கள் அந்தத் தாள்களில் உயிரோடு இருக்கின்றன. எனவே பாட்டன், பூட்டன் 1909க்குப் பிறகு ஓய்வூதியம் கேட்டிருக்கலாம் என்று தோன்றினால், காப்பகத்தின் அந்தத் தொகுப்பையும் தேடாமல் விடாதீர்கள்.

வீட்டு எண்ணை இன்றைய முகவரி எண்ணாக நினைத்துவிடக் கூடாது. கிராமங்களில் அது கணக்கெடுப்பாளர் நடந்து போன வரிசையில் போட்ட எண். டப்ளினில் ஒரே எண்ணுக்குக் கீழே 1, 2, 3 என்று உட்பிரிவுகள் நீண்டால் அது ஒண்டுக்குடித்தன வீடு. ஹென்ரியேட்டா தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பிரபுக்களுக்காகக் கட்டிய 18ஆம் நூற்றாண்டு மாளிகைகள் அவை. 1911-இல் 15 வீடுகளில் 835 பேர் இருந்தார்கள். 14ஆம் எண் வீட்டில் மட்டும் 17 குடும்பங்கள், 100 பேர். அதே வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. போகுமுன் இந்தப் படிவங்களைப் படித்துவிட்டுப் போனால் ஒவ்வோர் அறையிலும் யார் இருந்தார்கள் என்று பெயரோடு நினைத்துக்கொள்ளலாம்.

மொழிக் கட்டத்துக்கு விதி எளிது: ஐரிஷ் மட்டும் தெரிந்தால் 'ஐரிஷ்', இரண்டும் தெரிந்தால் 'ஐரிஷும் ஆங்கிலமும்', மற்றவர்களுக்கு வெற்றிடம். அந்த ஆண்டு ஐரிஷ் பேசுபவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் 5,82,446. தாத்தாவுக்கு 'ஐரிஷ்', மகனுக்கு இரண்டும், பேரப்பிள்ளைகளுக்கு வெற்றிடம் என்று ஒரே தாளில் மேலிருந்து கீழாக ஒரு மொழி வற்றுவதை மேற்கு அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். தாய்மொழி மேல் அக்கறை உள்ள எவரும் அந்தக் கட்டத்தைச் சுலபமாகக் கடந்து போக முடியாது.

பிறந்த இடக் கட்டம்தான் அதிகம் ஏமாற்றுவது. அயர்லாந்தில் பிறந்தவர்களுக்குக் கவுன்டி அல்லது நகரத்தின் பெயர் மட்டுமே, ஊர்ப்பெயர் இராது. வெளியே பிறந்திருந்தால் நாட்டின் பெயர். இந்தியாவில் பிறந்தவர்கள் என்று தேடினாலும் ஆட்கள் வருவார்கள், பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினர், அதிகாரிகளின் பிள்ளைகள். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவே 1881-இல் மதராஸ், பம்பாய் ஃபியூசிலியர்களை இணைத்து உருவானதுதான். மதராஸ் படை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இந்த வழியில் போய்ப் பார்க்கலாம்.

மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் படிவத்தில் இல்லை. மாமியாரோ மைத்துனியோ அதே வீட்டில் இருந்தால் அவர்கள் பெயரிலிருந்து பிடிக்கலாம். இல்லையென்றால் மணமாகி எத்தனை ஆண்டு என்ற எண்ணை 1911-இலிருந்து கழித்து, ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் திருமணப் பதிவைத் தேடுங்கள். அங்கும் பதிவேட்டின் படம் இலவசம். ஓரிரண்டு ஆண்டு முன்பின் விட்டுத் தேட வேண்டும். ஒருவர் வீட்டில் இல்லையே என்று கலங்க வேண்டாம். அந்த இரவு எங்கே தங்கினாரோ அங்கேதான் கணக்கு: வேலைக்காரப் பெண் முதலாளி வீட்டில், நோயாளி மருத்துவமனையில். வாக்குரிமை கேட்டுக் கணக்கெடுப்பையே புறக்கணித்த பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் காவலரே கேட்டறிந்து எழுதியதால் விவரங்கள் பிழையாக இருக்கும்.

தளத்தின் குறைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். படங்கள் நுண்படச் சுருளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளை. மையின் நிறம் தெரியாததால், ஒரு திருத்தத்தைக் குடும்பத் தலைவர் செய்தாரா கணக்கெடுப்பாளர் செய்தாரா என்பதைக் கையெழுத்தின் சாயலை வைத்தே தீர்மானிக்க வேண்டும். கீழே உள்ள கையொப்பத்தை மேலே உள்ள எழுத்தோடு ஒப்பிடுங்கள். கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறியும் சாட்சிக் கையொப்பமும் இருந்தால், படிவம் முழுவதையும் எழுதியவர் வேறொருவர். அடுத்த குறை வரைபடம். தேடலில் கிடைத்த வீட்டை நிலப்படத்தில் காட்டும் வசதி இல்லை. இத்தனை உழைப்பில் உருவான தளத்தில் அது இல்லாதது பெரிய ஓட்டை. படத்தையும் அதன் முழு இடவரிசையையும் உடனே சேமித்து வைத்துக்கொள்வது கைகொடுக்கும்.

தட்டச்சுப் பிழை கண்ணில் பட்டால் காப்பகத்துக்குத் திருத்தம் அனுப்பலாம். படத்தில் உள்ளபடிதான் திருத்தம் கேட்க வேண்டும். குடும்பத் தலைவரே பெயரைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு ஆவணத்தின் பகுதி, அதை மாற்றக் கேட்கக் கூடாது. சட்டப்படி 100 ஆண்டுகள் மூடியிருக்க வேண்டிய 1926 கணக்கெடுப்புக்கு 2026-இல் முறை வருகிறது. 29,71,992 பேர், வட அயர்லாந்து நீங்கலாக ஐரிஷ் சுதந்திர அரசின் 26 கவுன்டிகள் மட்டும். 1911-இல் ஒரு குடும்பத்தின் டவுன்லேண்டையும் தேர்தல் பிரிவையும் சரியாகக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு, அங்கே தேடும் வேலை பாதியாகக் குறையும்.