உள்ளங்கையில் ஊசி: ஐஸா, க்ரீமா, ஸ்பிரேயா?

மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொள்கிற தொல்லைக்குப் பெயர் டிரிக்கர் ஃபிங்கர். அதற்கு ஸ்டீராய்டு ஊசியை விரலுக்கு அடியில், உள்ளங்கையிலேயே போடுவார்கள். பாம்பன், மண்டபம் பக்கம் நாளெல்லாம் வலையும் கயிறும் பிடிக்கிற கைகளுக்கு அந்த இடத்தில் ஊசி என்றாலே உதறல்தான். எனக்கு வலது மோதிர விரல். குத்தும் வலி தெரியாமல் இருக்க நான் ஐஸைத்தான் தேர்ந்தெடுத்தேன், இன்னொரு முறை போட்டாலும் அதுதான்.

மணிக்கட்டில் ஊசி போட்டுக் கையையே மரக்க வைக்கும் வழி உண்டு. ஊசி வலிக்கு இன்னொரு ஊசியா? அப்புறம் சில மணி நேரம் அந்தக் கையால் டம்ளரைக்கூட நம்பிப் பிடிக்க முடியாது. வேண்டாம்.

மரப்பு க்ரீம் கேட்க நன்றாக இருக்கும். லிக்னோகெயின், பிரிலோகெயின் இரண்டும் 2.5 சதவீதம் கலந்தது. கெட்டியாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புறங்கையில் டிரிப் ஏற்ற இது அருமையான மருந்து. கையைத் திருப்பினால் கதை மாறிவிடுகிறது. உள்ளங்கையின் மேல்தோல், உள்ளங்காலைத் தவிர உடம்பில் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிப்பு. மருந்து அந்தச் செத்த தோலைத் தாண்டி உள்ளே இறங்கினால்தான் நரம்பு முனையைத் தொடும். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கையில் அது எங்கே இறங்க? குளிர்ச்சிக்கு அந்தக் கவலை இல்லை. அது ஊறி இறங்க வேண்டிய மருந்தே இல்லை; தோல் தடித்திருந்தாலும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே நரம்பு குளிர்ந்து மந்தமாகிவிடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

செய்முறை சுலபம். ஐஸை உடைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மெல்லிய ஈரத்துணி சுற்றி, குத்தப்போகிற இடத்தில் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது. முதலில் சுரீரென்று இருக்கும், பிறகு ஒரு குடைச்சல், அப்புறம் தொட்டாலும் தெரியாது. ஆனால் எடுத்த ஓரிரு நிமிடத்தில் உணர்வு திரும்பிவிடும். டாக்டர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். “அண்ணே, நான் சொல்ற வரைக்கும் ஐஸை எடுக்காதீங்க” என்றார் நர்ஸ். எடுத்ததும் ஸ்பிரிட் துடைப்பு, உடனே ஊசி.

ஐஸுக்கு நம்மூரில் பஞ்சமில்லை என்று மீன் பெட்டியிலிருந்து அள்ளிப்போக வேண்டாம். சுத்தம் ஒரு பக்கம். உப்பு கலந்த ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போய்த் தோலைப் புண்ணாக்கிவிடும். சர்க்கரை நோயால் கை உணர்ச்சி குறைந்தவர்களும், குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எத்தில் குளோரைடு ஸ்பிரேயும் குளிர்ச்சி வித்தைதான். சில விநாடியில் வேலை முடியும், மரப்பும் அதே வேகத்தில் போய்விடும். எளிதில் தீப்பற்றும் பொருள் வேறு. கிளினிக்கில் இருந்தால் சரி, தேடி அலையத் தேவையில்லை.

அதிர்வுக் கருவியை நான் பயன்படுத்தியதில்லை. பக்கத்தில் அதிர்வோ தடவலோ இருந்தால் வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே தடைபடும் என்பது 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கருத்து. எனக்கு நர்ஸ் பக்கத்து விரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அது உதவியதா, ஐஸே போதுமானதாக இருந்ததா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஐஸ் குத்தலைத்தான் மறைக்கும். மருந்து உள்ளே போகும்போது இறுக்கிப் பிடிக்கிற வலி எனக்குத் தெரியத்தான் செய்தது. மெல்லிய ஊசியாகப் போட்டு மெதுவாக ஏற்றச் சொல்லி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.