மாடிப்படி யாருக்கு?

ஊருக்குப் போனது பாகப்பிரிவினை வழக்குக்காகத்தான். அப்பா கட்டிய வீட்டுக்காக அண்ணன் போட்ட வழக்கு, சப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. என் வக்கீலே சலித்துப்போய், "வெளியே ஒரு மத்தியஸ்தர்கிட்ட பேசி முடிச்சிடுங்களேன்" என்றார். கோர்ட்டோடு சேர்ந்த சமரச மையமும் இருக்கிறது. ஆனால் அங்கே தேதி கிடைப்பதற்குள் என் லீவு முடிந்துவிடும். தனியார் என்றால் ஆளையும் நாளையும் நாமே முடிவு செய்யலாம்; கட்டணம் ஆளுக்குப் பாதி.

வந்தவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அம்மா. நான் இருக்கும் டொரொண்டோவில் பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு மத்தியஸ்தம் கட்டாயம். கடை வாடகைத் தகராறு ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல்கள் பேசினார்கள், நான் தண்ணீர் குடித்தேன். இந்த அம்மா வக்கீல்களை வாயே திறக்கவிடவில்லை.

கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்கு எனக்கு. அது டீ வருவதற்குள் முடிந்தது. மாட்டிக்கொண்டது மாடிப்படி. படி இருப்பது கிழக்கே, மொட்டை மாடியோ பொது.

"அவன் இருக்கிறது கனடாவுல. மாடி ஏறி என்ன பண்ணப்போறான்?" என்றார் அண்ணன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளிக்கூட நாளெல்லாம் நான் படுத்துத் தூங்கிய மாடி அது. குரல் ஏறியதும் அந்த அம்மா எங்களை வேறு வேறு அறையில் உட்காரவைத்தார். ஒருவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோக மாட்டார். அவர் போக, வர, நான் மின்விசிறியைப் பார்த்தபடி கொதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இருவரையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படி உங்களுக்குன்னே வச்சுக்குவோம் சார். மாடி ஒழுகினா தம்பி எப்படி ஏறிப் பார்ப்பார்? முழுச் செலவும் நீங்களே பண்ணிடுவீங்களா?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படி பொதுவானது. தளம் போடும் செலவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரிபாதி. அந்த அம்மா கையாலேயே வரைபடம் போட்டு, படிக்கு மட்டும் சிவப்பு மை பூசினார்.

அப்புறம் பழைய கதைதான். சமரச மனுவைப் பதிவு செய்து டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்கப் போனால் நீதிபதி லீவு. மறுபடியும் வாய்தா! கனடாவிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பி முடித்திருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த தேதியில் டிக்ரி ஆனது. சம்மதித்து வாங்கிய டிக்ரி என்பதால் இனி அப்பீல் கிடையாது.

வழக்குக்குக் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வருமாம். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு, கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பாகப்பிரிவினைக்குக் கட்டியது சொற்பம்தான், வழக்குப் போட்டவர் என்பதால் அதுவும் அண்ணனுக்குத்தான் போகும். அதில் பாதி கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.