ஹவானாவில் டிம்பா கேட்க: காசா தெ லா மூசிகா

ஹவானாவுக்குப் போனால் பலரும் ஓட்டல் வாசலில் சோன் என்ற பழைய பாணி நடனப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, கியூபா இசை இதுதான் என்று திரும்பிவிடுகிறார்கள். அது நல்ல இசைதான், ஆனால் ஊர்க்காரர்கள் இன்று ஆடுவது சோனிலிருந்து வளர்ந்த வேகமான நடன இசையான டிம்பாவுக்கும், ரெகேட்டோனின் கியூபா வடிவமான ரெப்பார்த்தோவுக்கும்.

டிம்பா கேட்க என் முதல் பரிந்துரை ஹவானாவின் மிராமார் பகுதியில் இருக்கும் காசா தெ லா மூசிகா. 1964-இல் தொடங்கிய அரசு இசைத்தட்டு நிறுவனமான எக்ரெமின் அரங்கு அது. லோஸ் வான் வான் மாதிரி பெரிய இசைக்குழு வாசிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். லோஸ் வான் வான் ஹுவான் ஃபோர்மெல் 1969-இல் தொடங்கிய குழு, 2014-இல் அவர் இறந்த பிறகு மகன் சாமுவெல் டிரம்ஸில் உட்கார்ந்தபடி நடத்துகிறார். பாட்டு பாதியைத் தாண்டியதும் பேஸ் கிதார் தன் வழக்கமான ஓட்டத்தை விட்டுவிட்டு உறுமும், கோங்கா என்ற கை முரசும் பியானோவும் மட்டும் விடாமல் ஓடும், பாடகர் ஒரு வரியை எறிய மொத்தக் கூட்டமும் திருப்பிப் பாடும், அப்புறம் டிராம்போன்கள் ஒன்றாக நுழையும்போது உடம்பு தானாக ஆடிவிடும். இதை எந்த ஒலிப்பதிவும் தருவதில்லை!

இரவுக் காட்சியைவிட மாலைக் காட்சி எனக்குப் பிடிக்கும். கட்டணம் பெரும்பாலும் குறைவு, உள்ளூர்க் கூட்டம் அதிகம். இரவில் குழு மேடையேற நள்ளிரவு தாண்டிவிடும், பொறுமை வேண்டும்.

டிரம்பெட் பிடிக்குமென்றால் டிரம்பெட் கலைஞர் அலெக்சாண்டர் அப்ரெயுவின் குழுவான ஹவானா தெ பிரிமேரா வாசிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.